பேட்டரி கழட்டியாச்சு, சரி!

மொரியோகா நகரத்தில் கட்டட வேலை பார்க்கிற யாரிடமாவது ஒய்காவா நொபுயோ என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'சரி அக்கா' என்று கேளுங்கள், உடனே கை காட்டுவார்கள். அப்படியொரு தொண்டை அவளுக்கு. ஏழாவது மாடியில் நின்று அவள் விரலை நீட்டி "சரி!" என்றால் கீழே லாரிக்காரன் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்துவிடுவான் என்று குழாய் வேலை செய்யும் நீனுமா கேலி பண்ணுவான்.

இந்தச் 'சரி' விவகாரம் இங்கே எல்லா வேலையிடத்திலும் உண்டுதான். செய்ய வேண்டிய காரியத்தை விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டு உரக்கச் சொல்லி, கடைசியில் "சரி!" என்று முடிக்க வேண்டும். ஜோடியாக வேலை செய்தால், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் கண்ணால் பார்த்துவிட்டுப் பதிலுக்கு "சரி!" சொல்ல வேண்டும். விரல் போகிற இடத்துக்குக் கண்ணும் கூடவே போகும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றது? ஆனால் ஒரே வார்த்தையை ஒரு நாளைக்கு நாற்பது தடவை, வருஷக்கணக்காகச் சொன்னால் அது என்ன ஆகும் என்று எந்த அதிகாரியும் யோசித்ததாகத் தெரியவில்லை. நொபுயோவும் யோசிக்கவில்லை.

அவள் பிறந்தது குஜி கடற்கரையில். பள்ளிக்கூடம் முடித்ததும் மீன் பதப்படுத்தும் ஆலையில் சேர்ந்து, கானாங்கெளுத்தியின் தலையை வெட்டி வெட்டிக் கையெல்லாம் வெடிப்பு. இருபத்து நாலு வயதில் டொகுஜியைக் கட்டிக்கொண்டு மொரியோகா வந்தாள். டொகுஜி அவளைவிட ஏழு வயது மூத்தவன். ஜிப்சம் போர்டு அடிப்பதுதான் அவன் தொழில். சுவருக்கும் உள்கூரைக்கும் போர்டு வைத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். அது ஒண்டி ஆளாகச் செய்கிற வேலை இல்லை. ஒருத்தர் தாங்கினால்தான் இன்னொருத்தர் முடுக்கலாம். டொகுஜியோடு ஜோடி போட்டிருந்த ஆளுக்கு இடுப்பு போய்ப் படுத்துவிட்டதும், "வேற ஆள் கிடைக்கிறவரைக்கும் நான் வர்றேனே" என்று நொபுயோ கிளம்பினாள். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. வேறு ஆள் தேடவே இல்லை, பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

டொகுஜி மாதிரி ஒரு கறார் பேர்வழியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டில் சாக்ஸை எங்கே கழற்றிப் போட்டோம் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் பேட்டரி ஸ்க்ரூ மிஷினைத் தொட்டுவிட்டால் வேறு ஆள். மிஷினை ஸ்க்ரூவுக்கு நேராகப் பிடி, மணிக்கட்டு வளையக்கூடாது, முதலில் மெதுவாகச் சுற்றவிடு, ஸ்க்ரூ கடித்த பிறகு தோளால் அழுத்து என்பான். மிஷினின் கழுத்தில் முடுக்குகிற பலத்தைக் கூட்டிக் குறைக்கிற நம்பர் வளையத்தைப் போர்டுக்குத் தகுந்தபடி திருப்பி வைக்காமல் முடுக்கினால் ஸ்க்ரூவின் தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். அந்த ஸ்க்ரூ எதையும் தாங்காது. பேட்டரியை ஸ்க்ரூ கிடக்கிற பையில் போடக்கூடாது, ஈரத் தரையில் சார்ஜ் போடக்கூடாது, போர்டுக்குப் பின்னால் கையை வைக்கவே கூடாது. இதெல்லாவற்றுக்கும் மேல் இரண்டு கட்டளைகள் உண்டு. பிட்டை, அதாவது ஸ்க்ரூவைத் திருப்புகிற முனைக் கம்பியை, மாற்றுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். சுற்றுகிற எதன் பக்கத்திலும் நூல் கிளவுஸோடு கையைக் கொண்டுபோகக்கூடாது.

"தோல் கிழிஞ்சா தச்சுக்கலாம். கிளவுஸ் சுத்திக்கிச்சுன்னா கை அது பின்னாடியே போயிடும்" என்பான்.

போர்டு தூக்கும்போது கிளவுஸ் வேண்டும், விளிம்பு கையை அறுக்கும். தூக்கி வைத்ததும் இரண்டு கிளவுஸின் விரல் நுனியையும் பல்லால் கடித்து இழுத்து, கிளவுஸைக் கழற்றி இடுப்புப் பையில் செருகிவிட்டுத்தான் மிஷினைத் தொடுவான். கடித்துக் கடித்து அவன் கிளவுஸ்களின் விரல் நுனியெல்லாம் பிய்ந்து கிடக்கும். "உன் வீட்டுக்காரர் மதியச் சோத்துக்குக் கிளவுஸையே தின்னுடுவார் போல" என்று நீனுமா அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தான்.

ஆற்றோரம் பதினான்கு மாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. குமகாய் மேஸ்திரியின் கீழே போர்டு வேலைக்கு ஆறு ஜோடிகள், அதில் இவர்கள் ஒரு ஜோடி. கட்டுகிற கம்பெனியின் சார்பில் ஹொசோகை என்கிற எஞ்சினியர் இருந்தான். முப்பது வயசு தாண்டியிருக்கும், மடிப்புக் கலையாத சீருடை, கையில் எப்போதும் ஒரு பலகையும் பேப்பரும். வாசலில் விபத்தில்லாத நாட்களைக் காட்டுகிற போர்டு ஒன்று உண்டு. அதன் எண்ணை தினம் காலையில் அவன் கையாலேயே மாற்றுவான். தினமும் எல்லோருக்கும் முன்னால் நின்று பாதுகாப்பு வாசகங்களைச் சொல்கிற வேலையைக் குரலுக்காகவே நொபுயோவிடம் கொடுத்திருந்தான். அவள் சொல்வாள், நூற்றிருபது பேர் விரலை நீட்டித் திருப்பிச் சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. இல்லையென்று சொன்னால் அது பொய்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி. ஆறாவது மாடியில் ஜன்னல் கண்ணாடி இன்னும் வரவில்லை, பிளாஸ்டிக் தாள்தான் கட்டியிருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எட்டு. உள்ளேயும் அவ்வளவுதான். வாயைத் திறந்தால் புகை வந்தது.

உள்கூரையில் சுவரோரத்துக்கு வெட்டின ஒரு துண்டுப் போர்டு. சின்னத் துண்டுதானே என்று நொபுயோ தனியாகவே மேடைப் பலகைமேல் ஏறி, ஹெல்மெட்டாலும் இடது கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் முடுக்க ஆரம்பித்தாள். டொகுஜி அடுத்த போர்டைத் தூக்கிவர லிஃப்டுக்குப் போயிருந்தான். மூன்றாவது ஸ்க்ரூவில் பிட் வழுக்கியது. முனை மழுங்கிவிட்டது. அழுத்த அழுத்த ஸ்க்ரூவின் தலையைத்தான் அரைத்தது.

அப்போது அவள் செய்திருக்க வேண்டியது அவளுக்கு மனப்பாடம். போர்டை இறக்கிவிட்டு, கீழே வந்து, சுவிட்சுக்கு மேலே இருக்கிற லீவரை நடுவில் தள்ளிப் பூட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் பிட்டில் கை வைக்க வேண்டும். ஆனால் போர்டு ஏற்கெனவே இரண்டு ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கினால் காகிதம் கிழியும். திரும்ப வெட்ட வேண்டும். சாப்பாட்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான். அந்த நேரம் பார்த்து டொகுஜி போர்டோடு வந்து, அதைச் சுவரில் சாய்த்துவிட்டு மேலே பார்த்தான்.

"ஏங்க, பிட் போச்சு. மாத்திக் குடுங்க" என்று சொல்லி, மிஷினின் வாய் அவன் பக்கம் இருக்கும்படி கீழே நீட்டினாள். அவள் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. மிஷின் கைமாறும்போது வழக்கமாகச் சொல்கிறது வாயில் தானாக வந்தது. "பேட்டரி கழட்டியாச்சு, சரி!"

"சரி!" என்றான் டொகுஜி. கிளவுஸோடு பிட்டைப் பிடித்து இழுத்தான்.

அவன் இழுத்த வேகத்தில் அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள். தலைமேல் இருந்த போர்டு நகர்ந்தது. அது விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு கையும் ஒருசேர இறுகின. அவ்வளவுதான்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு மிஷின் திணறுகிற சத்தம்தான். அதற்கப்புறம் டொகுஜி கத்தினது. அந்தக் கத்தல் இந்த ஜென்மத்துக்கும் அவள் காதைவிட்டுப் போகாது. அவள் குதித்து இறங்கினாள், போர்டு பின்னாலேயே விழுந்து உடைந்தது. முதல் காரியமாகப் பேட்டரியைப் பிடுங்கித் தரையில் வீசினாள். பிட்டைக் கையால் பின்பக்கமாகத் திருப்பித் திருப்பி கிளவுஸை அவிழ்த்தாள். வலது கை ஆள்காட்டி விரல் இரண்டாம் கணுவோடு கிளவுஸுக்குள்ளேயே தங்கிவிட்டது. நடுவிரல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தபோது மிஷின் ஓரிடத்தில் கிடந்தது, பேட்டரி வேறிடத்தில் கிடந்தது.

மறுநாள் ஹொசோகை ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு விசாரித்தான். பக்கத்து அறையில் இருந்த நீனுமாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அக்கா கழட்டியாச்சு சரின்னாங்க, அண்ணன் சரின்னார், காதாலே கேட்டோம். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பேட்டரி இல்லாத மிஷின் எப்படிச் சுற்றியது? ஹொசோகை பேனாவைத் தட்டிக்கொண்டே யோசித்து அவனே ஒரு விடை கண்டுபிடித்தான்.

"கீழ வாங்கினதும் உங்க வீட்டுக்காரர் பேட்டரியைத் திரும்ப மாட்டியிருப்பார். மாட்டிட்டு கிளவுஸோட பிட்டை இழுத்துப் பார்த்திருப்பார். வேற வழியே இல்லையே. நீங்க குடுக்கும்போது கழட்டித்தானே குடுத்தீங்க, ஒய்காவா அம்மா?"

"சொன்னேன் சார்" என்றாள் நொபுயோ.

அது உண்மைதானே. அவன் அதைக் 'கழற்றினேன்' என்று எழுதிக்கொண்டான். அவள் திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை என்று கேட்டால் பயம்தான், வேறென்ன? ஆஸ்பத்திரியில் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். அங்கே போய் ஹொசோகை டொகுஜியைக் கேட்டதற்கு அவன், "கிளவுஸ் போட்டிருந்தேன். என் தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்தவரும் அந்தப் பேப்பரைப் படித்து முத்திரை குத்திவிட்டுப் போனார். விதியை மீறினவனுக்கு அந்தக் கம்பெனியின் எந்தக் கட்டடத்துக்குள்ளும் இனி அனுமதி இல்லை. ஊரில் பாதிக் கட்டடம் அவர்களுடையது. மீதிப் பாதிக்குச் சேதி போய்ச் சேர ஒரு வாரம் ஆகவில்லை.

முப்பத்து நாலு வருஷம் கறார் டொகுஜி என்று பேர் வாங்கினவன் ஒரே நாளில் கிளவுஸ் டொகுஜி ஆனான்.

நொபுயோ அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கேட்பான் என்று நினைத்தாள், தையல் பிரித்த அன்று கேட்பான் என்று நினைத்தாள். 'ஏன்டி கழட்டல?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், காலில் விழுந்துவிடலாம். அவன் கேட்கவில்லை. டி.வி.யில் வானிலை பார்த்தான். இடது கையால் சாப்ஸ்டிக் பிடித்து, நூடுல்ஸ் நழுவி நழுவிக் கிண்ணத்தில் விழ, அது ஆறிப்போகிறவரைக்கும் முயற்சி பண்ணுவான். அவள் ஃபோர்க் எடுத்து வைத்தால் அதைத் திரும்ப டப்பாவில் கொண்டுபோய்ப் போடுவான். தினமும் காலையில் அவள் கிளம்பும்போது மட்டும் வழக்கம்போல அவள் இடுப்புப் பையைத் திறந்து பார்ப்பான். புது பிட் இருக்கிறதா, பேட்டரி தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிக் கொடுப்பான். அதைவிட அவன் அவளைச் செருப்பால் அடித்திருக்கலாம். தனக்காகத்தான் பழியை ஏற்றுக்கொண்டான் என்று அவள் நம்பினாள். அந்த எண்ணம் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அவளுக்கு வேறொரு ஜோடி கிடைத்தது. வேலை நடந்தது. வாசல் போர்டு பூஜ்யத்திலிருந்து மறுபடியும் ஏறத் தொடங்கியது.

ஜூலை முதல் வாரம் நாடெங்கும் பாதுகாப்பு வாரம். அதற்கு நாலு நாள் முன்னால் ஹொசோகை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கிளவுஸை மேசையில் வைத்தான். டொகுஜியின் கிளவுஸ். விரல் நுனி கடிபட்டுப் பிய்ந்திருந்தது. கறை பழுப்பாகிவிட்டது.

"முதல் நாள் கூட்டத்துல நீங்க பேசணும். சொந்தக் குடும்பத்துல நடந்ததுன்னு நீங்க சொன்னா மனசுல பதியும். என்ன பேசணும்னு நானே எழுதிட்டேன். கஷ்டமா இருக்கும்னு தெரியும். ஆனா இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாது இல்ல?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். அவள் பேப்பரை வாங்கிப் பார்த்தாள். 'ஒருவருடைய கவனக்குறைவு' என்று ஆரம்பித்தது.

"நான் மாட்டேன்னா?"

"மாட்டேன்னு சொல்றதுக்கு என்ன இருக்கு? நீங்க சரியாத்தானே செஞ்சீங்க" என்றான்.

நாலு நாளும் அந்தப் பேப்பர் அவள் பைக்குள்ளேயே கிடந்தது. வீட்டில் சொல்லவில்லை. ஜூலை முதல் தேதி காலையில் டொகுஜி இடது கையால் சோற்றுருண்டை பிடித்துக் கட்டிக்கொடுத்தான். கோணல்மாணலாக இருந்தது. "வாயில போனா எல்லாம் ஒண்ணுதான்" என்றான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

ரேடியோ இசைக்கு உடற்பயிற்சி முடிந்து நூற்றிருபது பேரும் வரிசையாக நின்றார்கள். வாசல் போர்டு 142 என்று காட்டியது. குமகாய் மேஸ்திரி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நொபுயோ மேடை ஏறினாள். கழுத்தில் மைக். வலது கையில் பேட்டரி ஸ்க்ரூ மிஷின், எல்லோருக்கும் செய்துகாட்டுவதற்காக. இடது கையில் கிளவுஸ் இருந்த உறை.

எழுதிக்கொடுத்ததை அவள் அப்படியே ஒப்பித்தாள். ஒருவருடைய கவனக்குறைவு, ஒரு குடும்பத்தின் கண்ணீர், இந்தக் கிளவுஸைப் பாருங்கள். குரல் நடுங்கவில்லை. குரலுக்கு எங்கே நடுங்கத் தெரியும், அது பாட்டுக்கு வேலை செய்தது. பேச்சு முடிந்தது, வாசகம் சொல்ல வேண்டும். மிஷினைத் தலைக்குமேல் உயர்த்தினாள்.

"பேட்டரி கழட்டியாச்சு, சரி!"

நூற்றிருபது விரல்கள் மிஷினை நோக்கி நீண்டன. "சரி!" என்ற சத்தத்தில் தகரத் தடுப்பு அதிர்ந்தது.

கை மேலேயே நின்றது. அது ஏன் கனக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள். பேட்டரி மிஷினிலேயே இருந்தது.

கழற்ற வேண்டும் என்றுதான் மேடை ஏறினாள், அது சத்தியம். இடது கையில் உறை இருந்தது. அன்றைக்கு இடது கையில் போர்டு இருந்த மாதிரியே. வாய் மட்டும் முந்திக்கொண்டுவிட்டது.

"ஐயோ" என்றாள் மைக்கில்.

யாருக்கும் புரியவில்லை. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"பாருங்கப்பா, பேட்டரி மாட்டித்தான் இருக்கு." சுவிட்சை அழுத்தினாள். தலைக்குமேல் மிஷின் சுற்றியது. "நான் கழட்டவே இல்ல. கழட்டியாச்சுன்னேன், நீங்களும் சரின்னீங்க. அத்தனை பேரும் விரலை நீட்டிச் சொன்னீங்களே, ஒருத்தர் கண்ணுலயாவது இது பட்டுச்சா? என் கண்ணுலயே படலையே! அன்னைக்கும் இதேதான். நான் கழட்டல. அவர் எதையும் திரும்ப மாட்டல. மாட்டினதும் நான், அழுத்தினதும் நான். அவர் விரலை எடுத்தது இந்தக் கைதான். அஞ்சு மாசமா அவரை முட்டாள்னு ஊர் சொல்ல விட்டுட்டு நான் இங்க நின்னு சரி சரின்னு கத்திக்கிட்டிருக்கேன்!"

ஹொசோகை வேகமாக மேடை ஏறி மைக்கை வாங்கினான். "ஒய்காவா அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. எல்லாரும் வேலையை ஆரம்பிக்கலாம். பாதுகாப்பா இருங்க" என்றான். கூட்டம் கலைந்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எதற்கும் வாய் ஓயாத நீனுமா குனிந்து, தன் இடுப்பில் தொங்கின மிஷினின் பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அறைக்குள் ஹொசோகை அன்றைய பதிவேட்டை எழுதிக்கொண்டே பேசினான். தலைகீழாக இருந்தாலும் அவளால் அதைப் படிக்க முடிந்தது. 'கலந்துகொண்டோர் 120. அனைவரும் தெளிவாகக் குரல் கொடுத்தனர்.'

"சார், அந்தப் பழைய பேப்பரை மாத்தணும். அவர் பேர்ல இருக்கிற தடையை எடுக்கணும்."

"எப்படிம்மா எடுக்கிறது? கிளவுஸ் போட்டிருந்தது பொய்யா? அது அப்படியே இருக்கும். நீங்க இப்ப சொன்னதையும் சேர்த்தா உங்களுக்கும் தடை வரும், அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும்." பேனாவை மூடிவிட்டு, "நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றான்.

வாசல்வரைக்கும் குமகாய் மேஸ்திரி கூட வந்தார். "ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? போன விரல் வரப்போகுதா? ஒரு வீட்டுல ஒருத்தராவது சம்பாதிச்சுக்கிட்டிருந்தீங்க. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக்கூடாதா?"

"மூடத் தெரியலையே மேஸ்திரி. அதுதானே கேடு" என்றாள்.

பத்து மணிக்கு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினபோது, உள்ளே மிஷின் விட்டு விட்டுச் சுற்றுகிற சத்தம் கேட்டது. செருப்பு விடுகிற இடத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஆடிக்கொண்டே இருக்கும். டொகுஜி அதன் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, இடது கையால் ஸ்க்ரூ முடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பிட் வழுக்கிக்கொண்டே இருந்தது. கீழே தலை தேய்ந்த ஸ்க்ரூ ஐந்தாறு கிடந்தன.

"என்ன, சீக்கிரமா வந்துட்டே?"

"வர வேண்டாம்னுட்டாங்க." அவள் செருப்பைக்கூட விடாமல் நின்றாள். "ஏங்க, அன்னைக்கு நான் பேட்டரியைக் கழட்டல. இன்னைக்குக் கூட்டத்துல சொல்லிட்டேன்."

டொகுஜி மிஷினைத் தரையில் வைத்தான். "தெரியும்" என்றான்.

"தெரியும்னு எனக்கும் தெரியும். எனக்காகத்தானே நீங்க..."

"உனக்காகவாவது, மண்ணாவது!" ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது. "பார்த்தேன் நொபு. பேட்டரி என் மூக்குக்கு நேரா இருந்துச்சு. பார்த்துக்கிட்டேதான் சரின்னேன். உன் குரல் கேட்டதும் என் வாய் தானா சொல்லிடுச்சு. கண்ணுல பட்டது புத்திக்குப் போகவே இல்ல. முப்பத்து நாலு வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். பார்த்துக்கிட்டே சரி சொன்னான்னு பேர் வர்றதுக்கு, குளிர்ல கிளவுஸைக் கழட்ட மறந்தான்னு பேர் வந்துட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். நீ கேட்டுடுவியோன்னு தினம் பயந்துக்கிட்டிருந்தேன்."

நொபுயோவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அஞ்சு மாசம்! அஞ்சு மாசம் நான் உள்ளுக்குள்ளயே செத்துக்கிட்டிருந்தேன். நீங்க என்னை மன்னிச்சிட்டீங்கன்னு நெனச்சு செத்துக்கிட்டிருந்தேன்! சொல்லியிருந்தா என்ன?"

"நீ சொல்லியிருந்தா என்ன?"

மன்னிக்கவும் ஒன்றுமில்லை, மன்னிக்கப்படவும் ஒன்றுமில்லை என்று ஆயிற்று. அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். நாளைக்கு எங்கே போவது என்று இருவருக்கும் தெரியாது. உருண்டைச் சோறு இன்னும் அவள் பைக்குள் இருந்தது.

டொகுஜி மிஷினை எடுத்து அவளிடம் நீட்டினான். "பிட் தேஞ்சுடுச்சு. பேட்டரியைக் கழட்ட ரெண்டு பக்கமும் அமுக்கணும். என் கையால முடியல."

அவள் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது, சத்தம் வரவில்லை. லீவரை நடுவில் தள்ளினாள். இரண்டு பக்கமும் அமுக்கிப் பேட்டரியை உருவினாள். அதை அவன் வலது உள்ளங்கையில், இரண்டு விரலும் இருந்த இடத்துக்குக் கீழே வைத்தாள். அவன் மீதி விரல்களால் அதை மூடிப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவளும் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவள் தேய்ந்த பிட்டை இழுத்து வெளியே எடுத்தாள்.

நாலு ஸ்க்ரூதான். முடுக்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.